ஒரு குழல், மூன்று தோட்டா

காப்பித் தோட்டக் காவல் குடிசையில் ரைபிளும் இரட்டைக்குழல் துப்பாக்கியும் அருகருகே தொங்கின. "நான் குறி வைத்தால் தப்பாது. நீ சும்மா சிதறுகிறவன்" என்று ரைபிளுக்கு எப்போதும் இளக்காரம்.

ஒரு காலை, குட்டியோடு வந்த யானை கூரையைப் பிய்க்கத் தொடங்கியது. காவல்காரர் போஜனின் மனைவி கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். போஜன் ரைபிளைத் தொட்டார். 'ஐயோ, அந்தக் குட்டி அநாதையாகிவிடுமே' என்று ரைபிள் பதறியது.

போஜன் அதை விட்டுவிட்டு இரட்டைக்குழலை எடுத்தார். காட்டுப்பன்றிக்குக் குண்டும் காக்கைக்கு ஈய ரவையும் போடும் அதே குழலில், இன்று இரண்டும் இல்லாத வெறும் வெடிமருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். இடி இடித்த மாதிரி இருந்தது. யானை பிளிறிக்கொண்டே குட்டியை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போயிற்று. போஜன் இரட்டைக்குழலை மறுபடி ரைபிளின் பக்கத்தில் மாட்டினார்.

"கொல்லாமல் அனுப்பவும் தெரியுமா, அண்ணே?" என்றது ரைபிள்.

"அதுவும் தெரியும், தம்பி."

இன்னும் சூடு ஆறாத அந்தக் குழல்மேல் ரைபிள் மெல்லச் சாய்ந்துகொண்டது.