சோவியத் பக்கம் ஆடியவன்

மொட்டை மாடிக் கதவு கிறீச்சிட்டபோது, ஜபருல்லா பாய் பின்லாந்துப் படையைக் காட்டுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டிருந்தார்.

கோட்டைமேட்டு வீட்டில் அன்றைக்கு அவரைத் தவிர யாரும் இல்லை. நண்பர் ஆறுச்சாமியின் பேத்திக்கு அன்னூரில் காதுகுத்து. மனைவி சாஜிதா பேகமும் மகள் இஃப்ராவும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். பாய்க்கு மட்டும் கடைசி நேரத்தில் காய்ச்சல். படுத்துக் கிடக்கப் பிடிக்காமல் மாடி அறைக்கு வந்து போர்டு கேமை மேஜையில் விரித்திருந்தார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி மகன் நிஜாம் வாங்கி வந்தது அது. பின்லாந்தும் சோவியத் யூனியனும் பனிக்காலத்தில் மோதிய போர். அட்டை முழுக்கக் காடு, நடுவில் ஓர் ஏரி, ஒரே ஒரு ரோடு. ரோட்டின் கடைசியில் ஒரு பாலம், அதைத் தாண்டிப் பின்லாந்தின் ஊர்; அதைப் பிடித்தால் சோவியத்துக்கு வெற்றி. பின்லாந்துக்குப் பனியில் சறுக்கிப் போகும் வீரர்கள் கொஞ்சம் பேர். சோவியத்துக்கு வரிசை வரிசையாக டாங்கிகள்.

பாய் எப்போதும் பின்லாந்துதான். ஞாயிறுதோறும் அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்து சோவியத் பக்கம் உட்காருவது ஆறுச்சாமி. ஒவ்வொரு முறையும் தோற்பார். "நல்லா ஆடுனீங்க பாய்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போவார். முகம் கோணியதே இல்லை.

பாயின் தந்திரம் ஒன்றே ஒன்று. எதிரியை ரோட்டில் நன்றாக உள்ளே வரவிட்டு, பின்னால் வழியை அடைத்துவிடுவார்.

இப்போதும் அதைத்தான் செய்தார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். வந்தவன் பூனை மாதிரி அறைக்குள் காலெடுத்து வைத்ததும் கதவைப் பூட்டிச் சாவியை ஜிப்பாவுக்குள் போட்டுக்கொண்டார்.

"கீழே கேட்டும் பூட்டித்தான் இருக்கு, தம்பி. உட்காருங்க."

முப்பது வயது இருக்கும். தோளில் காலிப் பை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஊட்டுல யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. போலீஸ்ல சொல்லிப்போடாதீங்க பாய்."

"பேரென்ன?"

"கதிருங்க."

பாய் போனைக் கையில் எடுத்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். எதிரில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். போனைக் கீழே வைத்தார்.

"ஒரு ஆட்டம் ஆடலாம். தோத்தா போலீஸைக் கூப்பிடுவேன். ஜெயிச்சா, எதுக்கு வந்தீங்களோ அதை எடுத்துக்கிட்டுப் போகலாம்."

"நெசமாலுங்களா?"

"நான் வியாபாரி. சொன்னா சொன்னதுதான்."

கதிரின் பார்வை மேஜையிலிருந்து நகர்ந்து அலமாரியில் போய் நின்றது. இஃப்ராவின் கல்யாணத்துக்கு வாங்கிய நகை மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. பாய் அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் இந்த மேஜையில் அவர் தோற்றதே கிடையாது.

விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். கதிர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். முதல் டாங்கியைக் கையில் எடுத்தவன் அப்படியே யோசித்தான்.

"இந்த ரோட்டுலதான் போகோணுங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் போவாங்க."

"எங்க தொழில்ல ரோட்டு வழியாப் போறதில்லீங்க. இந்த ஏரி உறைஞ்சுதானுங்களே கெடக்குது?"

பாய் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஏரி மேல் போகலாம். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் பனி உடைந்து டாங்கி முழுகிவிடும்.

கதிர் உருட்டினான். ஒரு டாங்கி முழுகியது. இன்னொன்றும் போனது. பாய்க்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

மூன்றாவது டாங்கி கரையேறியது. அதன் பின்னாலேயே ஒரு வரிசை கரையேறியது.

ரோட்டோரக் காட்டில் பதுங்கியிருந்த பின்லாந்து வீரர்கள், காந்திபுரத்தில் வராத டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். பாய் அவர்களை அவசரமாகத் திருப்பினார். தூரம் எட்டவில்லை. காய்ச்சல் விட்டு உடம்பெல்லாம் வியர்த்தது. கடைசிப் பகடையை இரண்டு கையிலும் பொத்திக் குலுக்கி உருட்டினார்.

பாலம் போயிற்று. பாலத்தோடு ஊரும் போயிற்று.

"ஜெயிச்சுப்போட்டேனுங்களா?" கதிர் சந்தேகமாகக் கேட்டான்.

பாய் தலையை மட்டும் ஆட்டினார். போன் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து ஒரு நம்பரை அழுத்தினால் போதும். இஃப்ராவின் முகம் நினைவுக்கு வந்தது. சாஜிதாவிடம் என்ன சொல்வது என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். வளையல் பெட்டி, நெக்லஸ் பெட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். திரும்பிப் பார்க்கத் தெம்பில்லாமல், "எடுத்துக்கங்க தம்பி" என்றார்.

பின்னால் பை திறக்கும் சத்தம் கேட்டது. சரசரவென்று எதையோ அள்ளிப் போடும் சத்தமும் கேட்டது. நகைப் பெட்டிகள் கட்டிலில் வைத்த இடத்திலேயே இருந்தன. பாய் திரும்பினார்.

கதிர் பகடைகளையும் டாங்கிகளையும் பைக்குள் கொட்டிவிட்டு, அட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

"நகையை உள்ள வெச்சுப் பூட்டுங்க பாய். இதத் தூக்கியாரச் சொல்லித்தானுங்க ஆறுச்சாமி ஐயா என்னை அனுப்பிச்சாரு, ஞாயித்துக்கெழமை இனி வரலைன்னு நேர்ல சொன்னா உங்க மனசு சங்கடப்படுமாமுங்க."