வெள்ளத்தில் ஒரு நாற்காலி

ஜகார்த்தாவில் முழங்காலளவு வெள்ளம் ஓடும் தெருவின் நடுவே நாற்காலி போட்டு, ஆற அமர பக்ஸோ சூப் குடித்த இல்ஹாமை யாரோ படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். மறுநாள் நாடு முழுக்க அவன் முகம். "உலகத்தை வெறுத்த இளைஞன்" என்றது டிவி. "ஒரு தலைமுறையின் மௌனம்" என்றார் பேராசிரியர் ஒருவர்.

வெள்ளம் வடியுமுன் இயக்குநர் ஹெரு கேமராவோடு வந்துவிட்டார். இல்ஹாம் அதே நாற்காலியில்தான் இருந்தான்.

"தம்பி, உன்னை வெச்சு ஒரு நையாண்டிப் படம். ஏன் இப்படி உக்காந்தே?"

"டிவிக்காரங்ககிட்டயும் சொன்னேண்ணே, வெட்டிட்டாங்க. இங்க..."

"வெறுமை! புரியுது."

"அதெல்லாம் இல்லண்ணே. நகராட்சிக்குப் போன் போட்டா, 'நாற்காலிக்காரரா? என் பொண்ணுகிட்ட ஒரு ஹலோ சொல்லுங்க'ங்கறாங்க."

"அடடா, வசனம்! எழுதிக்கோங்கப்பா. வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கு, நாற்காலியை ரெண்டடி நகத்துங்க."

"ஐயோ, வேணாம்ணே!"

"என்ன பிடிவாதம் பாரு!"

நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி நகர்த்தினார்கள். கோணம் பார்த்தபடி ஹெரு, நாற்காலி இருந்த இடத்தில் ஓரடி பின்னால் எடுத்து வைத்தார்.

ஆளைக் காணோம். தொப்பி மட்டும் தண்ணீரில் சுழன்றது.

இல்ஹாம் பாய்ந்து, காலரைப் பிடித்து அவரை வெளியே இழுத்தான்.

"சாக்கடை மூடியை எவனோ திருடிட்டாண்ணே. பள்ளிக்கூடப் பிள்ளைங்க போற வழி. வெறும் நாற்காலி போட்டா மிதந்து போயிடுது. அதான் மேல உக்காந்தேன்."

நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

இருமி முடித்த ஹெரு கேமராக்காரனைப் பார்த்தார். "அவன் சொன்னதை எடுத்தியா?"

"இல்லண்ணே. நீங்க விழுந்ததைத்தான் எடுத்தேன். போட்டாச்சு, இருபதாயிரம் பேர் பாத்துட்டாங்க. 'உலகத்தை வெறுத்த இயக்குநர்'ங்கறாங்க."