இடது கைக்கான சம்மதம்

பொற்கொடியின் கணவன் அமுதனுக்கு இரண்டு கைகளும் விழுந்திருந்தன. நரம்பு இழைகளின் மேல் சுமை தூக்கி நடக்கும் புரத மோட்டார்கள் நின்றுவிட்டனவாம். யாருடைய மோட்டார் அவனுக்குள் இடறாமல் நடக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். பொற்கொடியுடையது நான்காவது அடியில் விழுந்தது. அவனுடைய முதல் மனைவி மதுரவல்லியுடையது விழவே இல்லை.

வலது கையில் அதை ஏற்றிய மறுவாரம் அவன் தானே சோறு பிசைந்து சாப்பிட்டான். பொற்கொடி ஊட்டுவதற்கு எடுத்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மதுரவல்லி அந்தக் கைக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

“இடது கைக்கும் ஏத்திடலாம்மா. இன்னொருத்தரோடதுங்கிறதால உங்க சம்மதமும் வேணும்,” என்றார் மருத்துவர்.

“கையெழுத்துப் போடு கொடி. சட்டை பட்டனாவது நானே போட்டுக்குவேன்,” என்றான் அமுதன்.

“நான் போட்டுவிட்டா ஆகாதோ?”

அவள் படிவத்தைத் தள்ளிவைத்தாள். அவனுடைய அசையாத இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது எனக்கு இருக்கட்டும்.”