துண்டு போட்ட இடம்

பஸ் நிற்பதற்குள் ஞானமுத்து ஓடிப்போய், ஜன்னல் வழியாகத் துண்டை சீட்டில் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதெல்லாம், நிற்க முடியாத மனைவி ரோஸ்மேரிக்கு அப்படித்தான் இடம் பிடிப்பார். முண்டியடித்து ஏறிய பிறகுதான் உறைத்தது. அவள் பிணவறையில் இருக்கிறாள். அவளுக்குக் கட்டிவிட, வீட்டிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்துவரத்தான் அவர் கிளம்பியிருந்தார்.

பக்கத்தில் நின்ற பெண், “இங்க ஆள் வருதாண்ணே?” என்றாள்.

“வருதும்மா.” வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

பஸ் நகர்ந்தது. அவள் பதறிப்போய், “கண்டக்டர், நிறுத்துங்க. இந்த அண்ணன்கூட வந்தவங்க இன்னும் ஏறல” என்றாள்.

விசில் ஊதி வண்டியை நிறுத்தினார்கள். அத்தனை நெரிசலிலும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லோரும் படிக்கட்டையே பார்த்தார்கள். ஞானமுத்துவும் பார்த்தார்.