இலைச் சுணையில் நட்சத்திரம்

ஊதாப் பூ பூக்கிறோம் என்ற திமிரில் ஒரு கத்தரிச்செடி, பக்கத்துச் சுண்டைச்செடியோடு முகம் கொடுத்தே பேசாது. "உன் பூ வெள்ளை, என் பூ ஊதா. நமக்குள்ள என்ன உறவு?" என்று ஒருநாள் கேட்டும்விட்டது.

அந்த வாய்க்குத்தானோ என்னவோ, அடைமழையில் கத்தரியின் வேர் அழுகிப்போனது. "சொந்தக்கார வேர் கிடைச்சா ஒட்டுக் கட்டிப் பிழைச்சுக்குவேன். எனக்கு யாரு இருக்கா?" என்று, இலையில் உட்கார்ந்திருந்த பனித்துளியிடம் அழுதது.

பனித்துளிக்குத் தொப்பை பெரிது. அதன் வழியாகப் பார்த்தால் கடுகுகூடப் பூசணிக்காயாகத் தெரியும். அது குனிந்து பார்த்தது. "அட, உன் இலை மேல இருக்குற சுணை முடி ஒவ்வொண்ணும் குட்டி நட்சத்திரமா இருக்கே! நேத்து சுண்டை இலையிலயும் இதேதான் பார்த்தேன். நீங்க ஒரே வீட்டுப் பிள்ளைங்கடி!"

கத்தரி வெட்கத்தை விட்டுச் சுண்டையின் தோளில் சாய்ந்தது. தோட்டக்காரர் வந்தார், இரண்டு இலையையும் தடவிப் பார்த்தார், கத்தரியின் தலையை வெட்டிச் சுண்டைத் தண்டில் ஒட்டுக் கட்டினார்.

ஒட்டு பிடித்தது. முதல் பிஞ்சும் வந்தது. கீழேயிருந்து சுண்டை கேட்டது: "ஏன்டி, நமக்குள்ள என்ன உறவு?"

"கதை பேசாதே அக்கா, தண்ணி ஏத்து. பிள்ளைக்குப் பசிக்குது."