டீச்சர் வீட்டுத் தொட்டி

“பன்னிரண்டையும் முடிச்சிட்டீங்களா?” என்று கதவிடுக்கில் நின்று கிசுகிசுத்தாள் மனைவி.

“ஒண்ணைக்கூட விடல. நகரு நகரு, யாராவது பார்த்துடப் போறாங்க.”

லிஃப்ட் மெக்கானிக் உள்ளே நுழைந்து கதவைத் தாழிட்டான். கையில் கத்தி, நகக்கண்ணெல்லாம் மண், சட்டைக்குள் ஒரு காகிதப் பொட்டலம். பட்டப்பகல் பதினொரு மணிக்கு அவனுக்கு அப்படி வியர்த்தது.

பொட்டலத்தைப் பிரித்ததும் அவள் முகம் மலர்ந்தது. “வெங்காயத்தாள்! அடடா, எவ்வளவு பிஞ்சு பாருங்க!”

வெங்காயத்தாள் சீசன் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. இரும்புச் சட்டியைக் காயவைத்து, எண்ணெய் தடவி, முழுசு முழுசாய்ப் போட்டுச் சுட்டு, உப்பும் மிளகும் தூவினால் போதுமாம். தொட்டுக்கொள்ள அதைவிட ருசியானது உலகத்திலேயே கிடையாதாம். போனில் பார்த்ததிலிருந்து மூன்று நாளாய் அவள் வாயில் வேறு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போனால், காய்கறிக் கடை பூட்டிக் கிடந்தது.

அப்போதுதான் புத்தி மேல்மாடிக்குப் போனது. அங்கே குடியிருக்கும் டீச்சர், மகளின் பிரசவத்துக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. “பால்கனித் தொட்டிக்குத் தினம் தண்ணி ஊத்துங்க தம்பி. உங்களை நம்பித்தான் போறேன்” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வெறும் மண்ணாக இருந்த தொட்டியில் இப்போது வரிசையாய்ப் பச்சை.

“எல்லாத்தையும் பறிச்சிருக்க வேணாமோ?” என்றான். “பாதியைத்தான் எடுக்கப் போனேன். பாதி மட்டும் இல்லேன்னா பளிச்சுனு தெரியுதே.”

“இப்ப மட்டும் தெரியாதாக்கும்! விடுங்க, கடை திறந்ததும் வாங்கி நட்டுடலாம்.” அவள் வேரை நறுக்க ஆரம்பித்திருந்தாள். “டீச்சர் கை ராசியைப் பாருங்க. கண்ணு கொஞ்சம்கூட எரியல.”

சட்டியில் சுர்ரென்று சத்தம் வந்தது. ஆளுக்கு ஆறு. முதல் வாய் வைத்ததுமே மெக்கானிக்குக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. போன வருஷம் மனைவி காய்ச்சலில் படுத்தபோது பதினைந்து நாள் சாப்பாடு கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்ட மனுஷி அந்த டீச்சர். போயும் போயும் அவர் தொட்டியிலா கை வைக்க வேண்டும் என்று நினைத்தபடியே ஆறையும் தின்று முடித்தான்.

மாலைக்குள் இரண்டு பேருக்கும் வயிற்றைப் புரட்டியது. மாறி மாறிக் குளியலறைக்கு ஓடினார்கள்.

“பார்த்தீங்களா? நம்பினவங்க பொருளைத் திருடித் தின்னா உடம்புல ஒட்டுமா?” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினாள் மனைவி.

“சும்மா கிட. நீ எண்ணெயை அள்ளிக் கொட்டினே, அதான்.” சொன்னானே தவிர, அவள் சொன்னதுதான் சரி என்று அவனுக்கும் பட்டது.

மறுநாள் காலை டீச்சரே போன் செய்தார். “பேத்தி பொறந்து பத்து நாளாச்சு தம்பி! நாளைக்கு வர்றேன். தொட்டி எப்படி இருக்கு?”

“ஜம்முனு இருக்கு டீச்சர்” என்று வாய் கூசாமல் சொன்னான். போனை வைத்த பிறகு தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினான். வேரோடு இருக்கும் வெங்காயத்தாளாகப் பொறுக்கி, பன்னிரண்டை எண்ணி வாங்கி வந்தான். பழைய குழிகளிலேயே நட்டு, தண்ணீர் தெளித்து, மண்ணைத் தட்டிவிட்டான். கட்டிய தாலியைச் சரிபார்ப்பவள்போல மனைவி ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள்.

“முன்னாடி இருந்தது இன்னும் ஒல்லியா இருந்துச்சேங்க.”

“கடைச் சரக்கு கொஞ்சம் கொழுத்துத்தான் இருக்கும். ஒரு மாசத்துல வளர்ந்துடுச்சுன்னு நினைச்சுப்பாங்க.”

“பேசாம சொல்லிடுங்களேன். பாரமாவது குறையும்.”

“சொல்லிட்டு அப்புறம் அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? பதினஞ்சு நாள் ஊட்டின கை அது.”

மறுநாள் டீச்சர் வந்து இறங்கினார். மெக்கானிக்தான் பெட்டியை மேலே தூக்கிப் போனான். மனைவியும் கூடவே போனாள். உட்காரக்கூட இல்லை, பெட்டியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து அவன் கையில் திணித்தார் டீச்சர்.

“பொறுப்பா பார்த்துக்கிட்டீங்களே, அதுக்கு. வேற யாரு செய்வா?”

அந்தச் சட்டை அவன் கையில் நெருப்பாய்ச் சுட்டது. மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனார். பின்னாலேயே இவனும் போனான். டீச்சர் குனிந்தார். ஒரு தாளின் நுனியைக் கிள்ளி முகர்ந்தார். நெற்றியைச் சுருக்கி, மறுபடியும் முகர்ந்தார்.

“தண்ணி மட்டும்தான் ஊத்தினேன் டீச்சர்” என்றான் மெக்கானிக், யாரும் கேட்காமலே. “சத்தியமா வேற ஒண்ணும் பண்ணல.”

டீச்சர் மெதுவாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

“நான் நட்டது லில்லிப் பூவோட கிழங்காச்சே தம்பி, அதுல வெங்காயம் எப்படி முளைச்சுது?”