நாலு நிமிசக் குழறல்

“உந்தப் பாட்டுக் கதை ஒரு சொல்லும் கல்வெட்டிலை வரக்கூடாது” என்றார் குணலட்சுமி அன்ரி.

நான் சாவகச்சேரியில் ஓர் அச்சகத்தில் ரைப் பண்ணுகிறேன். ஏ.எல். சோதனை சரிவரவில்லை, அவ்வளவுதான். செத்தவரைப் புகழ்ந்து முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்கள்தான் எங்கள் பிழைப்பு. நான் ரைப் பண்ணினதில் இதுவரை ஒரு கெட்ட மனிதர்கூடச் செத்ததில்லை.

இந்த முறை அன்ரியின் புருசன் ஏரம்பு.

“அம்மா, அப்பா எழுபத்தாறாம் ஆண்டிலை போட்ட றொக் இசைத்தட்டை ஜேர்மன்காரன் தேடிப்பிடிச்சு, அதே கறுப்புத் தட்டாத் திரும்ப அடிச்சிருக்கிறான். முழுப்பக்கம் போடவேணும்” என்றார் மகன் பார்த்தீபன். “தங்கச்சி, நீங்களே கேட்டுப்பாருங்கோ.”

இசைத்தட்டின் அட்டையில் இளவயது ஏரம்பு, பெல்பொட்டம் காற்சட்டையுடன், ஓர் ஆட்டைக் கட்டிப்பிடித்தபடி. பார்த்தீபன் போனில் பாட்டைப் போட்டார். கிற்றார், கிணற்றுக் கப்பியின் கிறீச், ஆடு. பிறகு ஒரு குரல் நாலு நிமிசம் விடாமல் தொண்டை கிழியக் குழறியது.

“எப்பிடி?”

“ஆடு சுருதி விலகேல்லை, அண்ணை.”

அவர் சிரிக்கவில்லை. “உந்தக் குழறலுக்குத்தான் வெள்ளைக்காரன் விழுந்து கும்பிடுறான். முப்பத்தொண்டு அண்டு சனம் சாப்பிட வரேக்கை லவுட்ஸ்பீக்கரிலை போடப்போறன்.”

“போட்டா நான் வீட்டை விட்டுப் போயிடுவன்” என்றார் அன்ரி.

“அப்பா இருக்கேக்கையும் பாடவிடேல்லை. கலியாணவீட்டிலை ஆரும் கேட்டாலே சண்டைக்குப் போவீங்கள். செத்த பிறகும் எரிச்சலோ?”

பார்த்தீபன் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கும் விசர் வந்தது. “அன்ரி, பாவம் அந்த மனுசன். ஒரு பக்கம் குடுத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோடும்?”

அன்ரி கதவை ஒருதரம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

“பாட்டுப் பதிவு அண்டு மனுசனுக்குப் பயத்திலை தொண்டை அடைச்சுப்போச்சு. குழறினது நான்.”

“ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“அட்டையிலை அவரின்ரை பேர் அடிச்சாச்சு. அவரும் தான் பாடினதெண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டார். பிறகு ஆரும் பாடச் சொல்லிக் கேட்டா, நான் சண்டை பிடிச்சாத்தானே அவர் தப்பலாம்?”

“இப்பதான் அவர் இல்லையே. இனிப் போட்டா என்ன?”

“விசர்க்கதை கதையாதை, பிள்ளை. போன மாதம் செத்தவீட்டிலை நான் குழறினதை முழு ஊரும் கேட்டது. உதை லவுட்ஸ்பீக்கரிலை போட்டா மனுசன் பிடிபட்டுப்போவார்.”